கருப்பு போட்ட கியூப்

பொறியியல் மேன்மை மையத்தின் கூட்ட அரங்கில் கூரை ஒழுகும். மழை பெய்தால்தான் என்றில்லை. மாடியில் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்தாலே போதும், மேடைக்கு இடப்பக்கம் சொட்டுச் சொட்டாக இறங்கும். அதற்குக் கீழே ஒரு நீல வாளி. வாளியைச் சும்மா விட்டுவிட முடியுமா? தரையில் மஞ்சள் பெயின்டால் வட்டம் போட்டு, ‘வாளி, இடம் எண் 4’ என்று லேமினேட் செய்த அட்டை ஒட்டியிருந்தார்கள். வாளி வட்டத்துக்குள் இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை ஆய்வு நடக்கும். நூற்றுக்கு நூறு. ஒழுகலை அடைக்கலாமே என்று அந்தக் கட்டடத்தில் இருந்த நாற்பத்தாறு பொறியாளர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த இந்தப் புண்ணியத் தலத்துக்குத்தான் ஜலீலை மாற்றினார்கள். பதினேழு வருஷம் அரசுத் துறையில், வெயிலில் நின்று பாலமும் தொட்டியும் கட்டிய மனுஷர். முதல் நாள் காலை ஒன்பதரைக்குப் போனால், எல்லோரும் வரிசையில் நின்று வலது கையை நீட்டி உறுதிமொழி எடுத்துக்கொண்டிருந்தார்கள். “மேன்மையே என் மூச்சு, மேன்மையே என் பேச்சு.” ஜலீலும் கையை நீட்டினார். பக்கத்தில் நின்றவர் காதோடு, “உள்ளங்கை மேல பாக்கணும் சார், இல்லேன்னா மார்க் போயிரும்” என்றார்.

அவருக்குக் கொடுத்த வேலை கியூப் பரிசோதனைத் தாள்களைச் சரிபார்ப்பது. அது என்ன கியூப் என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். கட்டடத்துக்குக் கொட்டும் கான்கிரீட்டிலிருந்தே கொஞ்சம் அள்ளி, சாண் அகலம்கூட இல்லாத ஒரு சதுர இரும்பு அச்சில் அடைத்து வைப்பார்கள். கட்டியானதும் இருபத்தெட்டு நாள் தண்ணீரில் ஊறப் போட்டு, இயந்திரத்தில் வைத்து நசுக்கிப் பார்ப்பார்கள். கியூப் எவ்வளவு தாங்குகிறதோ, கட்டடமும் அவ்வளவு தாங்கும் என்று எடுத்துக்கொள்வார்கள். உலகம் முழுக்க அப்படித்தான். ஒரே ஒரு நிபந்தனை, கியூபில் இருக்கிற கான்கிரீட்டும் கட்டடத்தில் இருக்கிற கான்கிரீட்டும் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஒப்பந்தக்காரர் நல்லகாமனின் பதினாலு ஊர்த் தாள்களைப் பார்த்தபோது ஜலீலுக்கு நெற்றி சுருங்கியது. முப்பது வந்தால் பாஸ் என்கிற இடத்தில் நாற்பத்தொன்று. மேலூர்ப் பக்கம் கட்டிய பள்ளிக்கூடம் நாற்பத்தொன்று. ஆற்றோரச் சுவர் நாற்பத்தொன்று. திருவாதவூர் போகிற வழியில் நெடுங்கரைப்பட்டி என்ற சிற்றூரில் புதிதாக எழும்பிய மேல்நிலைத் தொட்டியும் நாற்பத்தொன்று. ஒரே வீட்டில் ஒரே அடுப்பில் சுட்டாலும் இரண்டு தோசை ஒன்றுபோல் வராது. பதினாலு ஊரில், பதினாலு மணலில், பதினாலு தண்ணீரில் கலக்கிய கான்கிரீட் மட்டும் எப்படி ஒரே மாதிரி வரும்?

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அவனியாபுரத்தில் இருந்த நல்லகாமனின் கிடங்குக்குப் போனார். தகரக் கொட்டகையில் ஒரு ஆள் மட்டும் முட்டிபோட்டு உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயசிருக்கும். முன்னால் சல்லடையில் சலித்த மணல், கழுவிக் காயவைத்த ஜல்லி, பிரிக்காத சிமென்ட் மூட்டை. தண்ணீரை எவர்சில்வர் டம்ளரால் அளந்து ஊற்றினார். கலவையைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்து, அரை டம்ளர் தண்ணீர் சேர்த்து, மறுபடி உருட்டிப் பார்த்தார். பிறகு அச்சில் மூன்று அடுக்காகப் போட்டு, ஒவ்வொரு அடுக்கையும் கம்பியால் எண்ணி எண்ணிக் குத்தினார். பதினேழு வருஷத்தில் இப்படி ஒரு கான்கிரீட் வேலையை ஜலீல் கண்ணால் பார்த்ததில்லை. அசந்துபோய் நின்றுவிட்டார்.

“அண்ணே, நீங்க எந்த சைட்டு?”

“சைட்டா? நான் எந்த சைட்டுக்கும் போறதில்லண்ணே. பேரு கருப்பு. நான் கியூப் மேஸ்திரி. நல்லகாமண்ணனோட எல்லா வேலைக்கும் கியூப் நாந்தேன்.”

“எல்லா வேலைக்குமா?”

“ஒம்பது வருஷமா. ஒரு கியூப் பெயிலானதில்ல.” கருப்பு பெருமையாக ஊறவைக்கிற தொட்டியைக் காட்டினார். நூற்றுக்கணக்கான கியூப்கள் தெளிந்த தண்ணீரில் முங்கிக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் ஆணியால் கீறிய ஊர்ப் பெயர். “காலைல ஒருக்கா, சாயந்தரம் ஒருக்கா தண்ணி மாத்துறேன். புள்ளையக் குளிப்பாட்டுற மாதிரில்ல பாத்துக்கிறேன்.”

“சைட்டுல போடுறது யாரு?”

“அது எவன் போடுறானோ யாருக்குத் தெரியும்?” என்றார் கருப்பு, எனக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்கிற தோரணையில்.

ஜலீல் அங்கிருந்து நேரே நெடுங்கரைப்பட்டிக்கு வண்டியை விட்டார். லட்சம் லிட்டர்த் தொட்டி, ஆகாய நீலத்தில் பெயின்ட் அடித்து, மேலே மையத்தின் சின்னத்தோடு மினுமினுவென்று நின்றது. அதன் ஒரு காலை ஒட்டியே அங்கன்வாடி. உள்ளே இருபத்திரண்டு பிள்ளைகள். ஜலீல் தொட்டியின் காலை ஸ்கூட்டர் சாவியால் சுரண்டினார். நமுத்த பிஸ்கட்டாகப் பொலபொலவென்று மணல் உதிர்ந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தினார். சாவி அரை விரல் ஆழம் உள்ளே போய்விட்டது. தூ, இதையும் கட்டி, இதற்கு நீலப் பெயின்டும் அடித்திருக்கிறார்களே!

அங்கன்வாடிப் பணியாளர் சரண்யாதேவி ஓடி வந்தார். “சார், சோதனைக்குன்னு பாதித் தொட்டி தண்ணி ஏத்துனப்பவே கீச்சு கீச்சுன்னு சத்தம் கேட்டுச்சு. பயந்து போய் ரெண்டு நாளு புள்ளைகள வேப்பமரத்தடியில உக்கார வச்சேன். கட்டடம் இருக்கையில வெளிய வச்சதுக்கு எனக்கு மெமோ குடுத்துட்டாங்க.”

“தெறப்பு விழா என்னைக்கு?”

“அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை. அன்னைக்கு முழுசா நெறைக்கிறாங்களாம். புள்ளைக தொட்டிக்கு அடியில நின்னு பாட்டுப் பாடணுமாம்.”

ஒன்பது நாள் இருந்தது.

அலுவலகத்துக்கு வந்ததும் கம்ப்யூட்டரில் அறிக்கை எழுத உட்கார்ந்தார். மையத்தின் மென்பொருளில் தரத்துக்கு நான்கே தெரிவுகள்: சிறப்பு, மிகச் சிறப்பு, உன்னதம், அதி உன்னதம். ஐந்தாவது கட்டம் ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று மேலும் கீழும் உருட்டிப் பார்த்தார். கிடையாது. அந்தத் துறை கட்டுகிற எதுவும் மோசமாக இருக்க முடியாது என்று மென்பொருள் வாங்கிய அன்றைக்கே முடிவாகிவிட்டது. வேறு வழியில்லாமல் ‘சிறப்பு’ என்பதை அமுக்கிவிட்டு, குறிப்புக் கட்டத்தில், ‘இந்தத் தொட்டியில் தண்ணீர் நிரப்பினால் விழும்’ என்று தட்டினார். சிவப்பு எழுத்து மின்னியது. ‘எதிர்மறைச் சொல் ஏற்கப்படாது. நேர்மறையாகத் தொடங்கவும்.’

விளக்கம் கேட்கப் பயிற்றுநர் பத்மாசினியிடம் போனார். ஓட்டல் நிர்வாகம் படித்துவிட்டுப் பொறியாளர்களுக்கு மேன்மை கற்றுக்கொடுக்க வந்தவர். அப்போது அரங்கில் ஒரு பயிற்சி நடந்துகொண்டிருந்தது. முப்பது வருஷ அனுபவமுள்ள செயற்பொறியாளர்கள் ஆளுக்கொரு பலூனை ஊதி, தோளால் தட்டிப் பக்கத்தில் இருப்பவருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

“பலூன் தரையைத் தொடாம இருக்கணும் சார். அதான் பொறியியல் மேன்மை,” என்றார் பத்மாசினி.

“மேடம், ஒரு தொட்டி விழப் போகுது.”

“நோ நோ. ‘விழப் போகுது’ன்னு சொல்லாதீங்க. ‘நிலைத்தன்மையில் வளர இடமிருக்கிறது.’ எங்க, சொல்லுங்க.”

“வளர எடமெல்லாம் இல்ல மேடம். எறங்கத்தான் எடமிருக்கு. அடியில இருபத்திரண்டு புள்ளைக.”

“உங்க எனர்ஜி ரொம்ப டவுனா இருக்கு சார்,” என்று சொல்லி ஜலீல் கையில் ஒரு மஞ்சள் பலூனைக் கொடுத்தார் பத்மாசினி.

அந்தப் பலூனோடுதான் இயக்குநர் நாகசுப்பிரமணியனின் அறைக்குள் ஜலீல் நுழைந்தார். இயக்குநர் மேசையில் பட்டுத்துணி விரித்து, அதன்மேல் நசுக்காமல் மிச்சம் வைத்த ஒரு கியூப். சந்தனம் குங்குமம் வைத்து, சிறு மல்லிகைச் சரம் சுற்றியிருந்தது. பக்கவாட்டில் ‘நெடுங்கரைப்பட்டி’ என்று கருப்பின் கையெழுத்து.

“வாங்க ஜலீல். இந்த வருஷம் மேன்மை விருது நம்ம நெடுங்கரைப்பட்டித் தொட்டிக்குத்தான். நாப்பத்தொண்ணு! இத மாதிரி ஒரு கியூப் நான் பாத்ததே இல்ல.”

“சார், அது தொட்டியில இருந்து எடுத்த கான்கிரீட் இல்ல. அவனியாபுரத்துல ஒரு மேஸ்திரி டம்ளர்ல அளந்து தனியாப் போட்டது. தொட்டியில சாவியக் குத்துனா உள்ள போகுது. ஒரு துண்டு குடைஞ்சு எடுத்து டெஸ்ட் பண்ணுவோம் சார். அதுவரைக்கும் தண்ணி ஏத்த வேணாம்.”

நாகசுப்பிரமணியன் கோபப்படவில்லை. மேன்மை மையத்தில் யாரும் கோபப்படக் கூடாது, மார்க் போய்விடும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பேசினார். “சைட்டுல இருந்து வந்தவர், அதான் இப்படிப் பேசறீங்க. ஒண்ணு புரிஞ்சுக்குங்க. தொட்டிய யாரு ஆடிட் பண்றா? யாரும் பண்றதில்ல. கியூபத்தான் பண்றாங்க. முப்பத்தோரு வருஷ சர்வீஸ்ல நான் ஒரு கட்டடத்துக்கும் கையெழுத்துப் போட்டதில்ல. தாளுக்குத்தான் போட்டிருக்கேன். என் தாள் ஒண்ணாவது இதுவரைக்கும் இடிஞ்சு விழுந்திருக்கா, சொல்லுங்க?”

நாகசுப்பிரமணியன் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

“விருது வாங்கின தொட்டியக் குடைஞ்சு பாக்கறதுங்கறது, கல்யாணப் பொண்ணுகிட்ட வயசுச் சர்டிபிகேட் கேக்கற மாதிரி. அசிங்கம். பலூன வச்சிட்டுப் போங்க.”

வீட்டில் சோறு இறங்கவில்லை. மனைவி சைனப் கேட்டுக் கேட்டு விஷயத்தை வாங்கிவிட்டார். கேட்டுவிட்டுக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். “யா அல்லா! ஏங்க, அம்புட்டுப் பேரு படிச்சவுக இருக்கீக. விழுமா விழாதான்னு எழுத அங்க ஒரு கட்டம் இல்லையா?”

“இல்ல.”

“அப்ப நீங்க என்ன மயித்துக்கு அங்க போயி உறுதிமொழி எடுக்கிறீக?” என்றார் சைனப். இருபது வருஷத்தில் அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை.

அடுத்த எட்டு நாளும் மனுஷர் சும்மா இருக்கவில்லை. மேலிடத்துக்குக் கடிதம் அனுப்பினார். அது ‘உரிய வழியில்’ என்று நாகசுப்பிரமணியனிடமே திரும்பி வந்தது. மாவட்டக் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுத்தார். தொழில்நுட்பக் கருத்துக்காக மேன்மை மையத்துக்கு அனுப்பினார்கள். மையம் அதைப் பரிசோதனைத் தாள் பிரிவுக்கு அனுப்பியது. பரிசோதனைத் தாள் பிரிவு என்றால் ஜலீல். தான் எழுதிய மனுவின் மேல் தானே கருத்துச் சொல்ல வேண்டும் என்று தன் மேசைக்கே அது வந்து சேர்ந்தபோது, அதைக் கிழிப்பதா தின்பதா என்று அவருக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. ஏழு மணிக்கே மோட்டாரைப் போட்டுவிட்டார்கள். ஜலீல் எட்டரைக்குப் போய்ச் சேர்ந்தபோது தொட்டியின் கால்களில் நீலப் பெயின்ட் உப்பிக்கொண்டு வந்தது, உப்பின இடத்திலிருந்து தண்ணீர் கசிந்தது. அடியில் ஷாமியானா. முன்வரிசையில் சோபா. அங்கன்வாடிப் பிள்ளைகள் தலையில் காகிதக் கிரீடம் வைத்துக்கொண்டு தொட்டிக்கு நேர் கீழே நின்றார்கள். ஒப்பந்தக்காரர் நல்லகாமனை மட்டும் அங்கே காணோம். அவர் காரை இருநூறு அடி தள்ளிக் கண்மாய்க் கரையில் நிறுத்தி, அதிலேயே உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். கட்டினவனுக்குத் தெரியாதா?

ஜலீல் மோட்டார் அறைக்கு ஓடினார். “நிறுத்துய்யா!” என்றார். “எழுத்துல குடுங்க சார்,” என்றான் ஆபரேட்டர். நாகசுப்பிரமணியனிடம் ஓடினார். “நிகழ்ச்சி நிரல்ல இல்லையே,” என்றார் அவர். சரண்யாதேவி ஜலீலைப் பார்த்தபடியே நின்றார். முகம் வெளுத்திருந்தது. “சார், நான் வேணும்னா எம் புள்ளைகளக் கூட்டிட்டு ஓடிரவா? வேலை போனாப் போகட்டும்.” ஆனால் மற்றவர்கள்? பெண்கள், கிழவர்கள், சோபாவில் உட்கார்ந்திருந்த தண்டச்சோறுகள்கூட மனுஷ உயிர்தானே?

அப்போதுதான் தலைக்கு மேல் ட்ரோன் ஒன்று ரீங்காரமிட்டது. படம் எடுக்கப் பத்மாசினி ஏற்பாடு செய்தது. ஜலீலுக்குச் சட்டென்று புத்தி வேலை செய்தது. உண்மையைச் சொல்லி ஒன்பது நாளாக ஒரு நாற்காலியைக்கூட நகர்த்த முடியவில்லை. இவர்களை நகர்த்த இவர்கள் பாஷையில்தான் பேச வேண்டும்.

“மேடம்!” என்று முகமெல்லாம் சிரிப்பாகப் போனார். “ஒரு நேர்மறை ஆலோசனை. எல்லாரையும் அதோ தள்ளித் தெரியுற மைதானத்துல ‘மேன்மை’ன்னு எழுத்து வடிவத்துல நிக்க வச்சு, மேல இருந்து எடுத்தா எப்படி இருக்கும்? பின்னால தொட்டி. அகில இந்திய விருதே கெடைக்கும்.”

பத்மாசினிக்குக் கண் கலங்கிவிட்டது. “இதான் சார் எனர்ஜி!” என்று தன் சட்டையிலிருந்த தங்க நிற பேட்ஜைக் கழற்றி ஜலீலுக்குக் குத்திவிட்டார்.

ஐந்தே நிமிஷத்தில் ஷாமியானா காலி. மைதானத்தில் சுண்ணாம்புத் தூளால் எழுத்துப் போட்டார்கள். இருபத்திரண்டு பிள்ளைகள் போதவில்லை. ஊர்ப் பெண்கள், ஆடு மேய்க்க வந்தவர்கள், உதவிப் பொறியாளர்கள், சோபாக்காரர்கள் என்று எல்லோரையும் வரிசையில் நிறுத்தினார்கள். ஆபரேட்டரையும் ஜலீல் கையைப் பிடித்து இழுத்து வந்தார். ‘ன்’ எழுத்தின் மேல் புள்ளிக்கு மட்டும் ஆள் குறைந்தது. அது முக்கியமான இடம் என்று சொல்லி நாகசுப்பிரமணியனே போய் நின்றுகொண்டார். தனியாக, கைகளைக் கட்டிக்கொண்டு, வானத்தைப் பார்த்துச் சிரித்தபடி.

ட்ரோன் மேலே ஏறியது. எல்லோரும் கையாட்டினார்கள். அப்போது தொட்டியின் அங்கன்வாடிப் பக்கத்துக் கால் மண்டியிட்டது. சத்தம் அப்புறம்தான் வந்தது. லட்சம் லிட்டர்த் தண்ணீரும் நீலப் பெயின்டும் மையத்தின் சின்னமும் ஒன்றாக ஷாமியானாவின் மேல் இறங்கின. அங்கன்வாடியின் ஓடு, சுவர், சுவரில் எழுதியிருந்த அ ஆ இ ஈ எதுவும் மிஞ்சவில்லை. சேற்றுத் தண்ணீர் மைதானத்துக்கு வந்து பிள்ளைகளின் கணுக்காலை நனைத்தது. ஒரு குழந்தை கைதட்டியது. மற்றதுகளெல்லாம் வீறிட்டு அழ ஆரம்பித்தன. சரண்யாதேவி தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினார். இருபத்திரண்டு. மறுபடி எண்ணினார். இருபத்திரண்டு. அதற்கப்புறம்தான் அவர் அழுதார்.

விசாரணை, ஒழுகுகிற அதே அரங்கில் நடந்தது. மேசை நடுவில் கியூப். குழுவினர் ஒவ்வொருவராக அதைத் தட்டிப் பார்த்தார்கள். கணீரென்று சத்தம் வந்தது. இயந்திரத்தில் வைத்து நசுக்கினார்கள். நாற்பத்தொன்று. அறிக்கை இப்படி முடிந்தது: ‘கான்கிரீட்டின் தரத்தில் குறை காணப்படவில்லை. தொட்டிதான் கான்கிரீட்டின் தரத்துக்கு ஏற்ப நடந்துகொள்ளவில்லை.’ விருதைத் திரும்பப் பெறலாமா என்று ஒரு உறுப்பினர் கேட்டார். “விருது கியூபுக்குக் குடுத்தது. கியூப் விழலையே,” என்றார் நாகசுப்பிரமணியன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

ஆனால் யாரையாவது தண்டிக்க வேண்டுமே. ‘தொட்டி விழும் என்று முன்கூட்டியே அறிந்திருந்தும் அதை உரிய படிவத்தின் உரிய கட்டத்தில் தெரிவிக்காமல், பொய்க் காரணம் கூறி நிகழ்ச்சி நிரலை மாற்றியது’ என்று ஜலீலுக்குத் தற்காலிகப் பணிநீக்க உத்தரவு வந்தது. கீழே ஒரு குறிப்பு: பேட்ஜை ஒப்படைக்கவும்.

ஜலீல் பேட்ஜைக் கழற்றினார். மேசையில் வைக்க மனம் வரவில்லை, வைத்தால் அந்த மேசைக்கு மரியாதை செய்ததாகிவிடும். நேரே போய் இடம் எண் 4 வாளியில் போட்டுவிட்டு வெளியே வந்தார்.

மறுநாள் அவனியாபுரம் போனார். கருப்பு அதே இடத்தில் முட்டிபோட்டு உட்கார்ந்து கம்பியால் எண்ணிக் குத்திக்கொண்டிருந்தார். ஈரம் காயாத கியூபில் ‘நெடுங்கரைப்பட்டி 2’ என்று கீறியிருந்தது. புதுத் தொட்டிக்கும் நல்லகாமன்தானாம். அஸ்திவாரத்துக்கு இன்னும் ஒரு கூடை மண் அள்ளவில்லை.

“கருப்பண்ணே, இந்தத் தடவ நீங்க சைட்டுக்கு வாங்க. தொட்டிய நீங்க போடுங்க. கெஞ்சிக் கேக்குறேன்.”

கருப்பு கம்பியை நிறுத்தாமலேயே சிரித்தார். “நல்லாருக்கே கதை! நான் அங்க வந்துட்டா, இங்க கியூப் யாருண்ணே போடுறது?”

ஜலீல் கொட்டகை ஓரத்தில் குவிந்து கிடந்த, பரிசோதனைக்கு வேண்டாமென்று மிஞ்சிப்போன கியூப்களைக் காட்டி, “இதுல இருபத்திரண்டு குடுப்பீங்களா?” என்றார்.

“அள்ளிக்கிட்டுப் போங்கண்ணே. எடத்த அடைச்சிக்கிட்டுக் கெடக்கு.”

லோடு ஆட்டோவில் ஏற்றி நெடுங்கரைப்பட்டிக்குக் கொண்டுபோனார். வேப்பமரத்தடியில் அங்கன்வாடி நடந்துகொண்டிருந்தது. இப்போது மெமோ கொடுக்கக் கட்டடம் இல்லை. பிள்ளைகள் மண்ணில் உட்கார்ந்திருந்தார்கள், எறும்பு கடித்து இரண்டு பிள்ளைகள் அழுதுகொண்டிருந்தன. ஜலீல் ஒவ்வொரு கியூபாக இறக்கி வட்டமாக வைத்தார். பிள்ளைகள் ஆளுக்கொன்றாகப் பிடித்து உட்கார்ந்தார்கள். அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்தியது.

சரண்யாதேவி ஒரு கியூபைக் காலால் அசைத்துப் பார்த்தார். தொட்டி விழுந்ததிலிருந்து எதைப் பார்த்தாலும் அப்படித்தான் அசைத்துப் பார்க்கிறார்.

“கவர்மென்ட் கான்கிரீட்டா சார்? தாங்குமா?”

ஜலீல் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

“தாங்கும்மா. இதுக்குன்னா நான் எங்க வேணும்னாலும் கையெழுத்துப் போட்டுத் தாரேன்.”